வீட்டுக்குள்ள வைக்கச் சொன்ன பெட்டி

சாத்தாதீங்க தம்பி, பஸ் ஜன்னல் தெறந்தே இருக்கட்டும். கொஞ்சம் புகைதான? எவனோ ரோட்டோரம் குப்பையப் பத்த வச்சிருக்கான். அதுவும் ஈரத்தோட வச்சிருக்கான், கூறுகெட்ட பய. ஈரக்குப்பைன்னா இப்படித்தான் கக்கும். நல்லாக் காய விட்டு, கூம்பாக் கூட்டி, காத்து எந்தப் பக்கம்னு பாத்து வச்சா சத்தமில்லாம எரிஞ்சு அடங்கிரும். அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. சொன்னா யாரு கேக்கா.

நீங்களும் செங்கோட்டையா? சரியாப் போச்சு. நான் உலகநாதன், கோவில்பட்டிதான். சானிட்டரி சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். சம்சாரத்தக் கூட்டியாரப் போறேன். அவ தங்கச்சி வீட்ல இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போனான்னு நெனச்சிராதீக. கோவிச்சுக்கிட்டுப் போனவளக் கூப்பிட்டா வந்துருவா. இது டாக்டர் பிரிச்சது. புருசன் பொண்டாட்டிய ஒரு டாக்டர் பிரிச்சு வச்சதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீகளா? நான் இப்பத்தான் பாக்கேன்.

அவ பேரு தங்கபுஷ்பம். நெஞ்சுல சீக்கு. இந்த அடைப்பு, ஸ்டெண்டு வைக்கிறதுன்னு சொல்றாகள்ல, அது இல்ல. இது வேற. பம்பிங் கம்மி. ரத்தத்தத் தள்ளுற தெம்பு நெஞ்சுக்கு இல்ல. அதனால கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும், தலகாணி ரெண்டு மூணு அடுக்கி உக்காந்தமாதிரிதான் தூங்கணும். காலமெல்லாம் மாத்திரைதான். உப்பக் கொறைக்கணும், தண்ணிய அளந்து குடிக்கணும். எல்லாம் நானே பாத்துக்கிட்டேன் தம்பி. மகன் ஓசூர்ல இருக்கான், போன்ல பாப்பான். அவ சோத்துல உப்பு இருக்கான்னு நான் மொதல்ல வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் அவளுக்குப் போடுவேன். எந்தப் புருசன் செய்வான்?

திருநெல்வேலியில பெரிய டாக்டர் ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தாரு. நல்ல மனுசன். போனா ரெண்டு வார்த்தை, ஒரு சீட்டு, போயிட்டு வாங்கம்பாரு. அவரு போயி அந்த எடத்துக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. பெனிட்டான்னு பேரு. என் மக வயசு இருக்கும், எனக்கு மக இருந்திருந்தா. அது வந்ததுல இருந்துதான் சனி புடிச்சது.

என்ன கேக்கும்ங்கிறீக? வீடு எந்தப் பக்கம் பாத்திருக்கு, எத்தன ஜன்னல், ரோடு எவ்வளவு பக்கம், பக்கத்துல என்ன இருக்கு. நான் கேட்டேன், 'ஏம்மா, நீ டாக்டரா, வாஸ்து பாக்க வந்தவளா?' அதுக்குக் கோவம் வரல. சிரிச்சுச்சு. சிரிக்கிறவுகள எனக்குப் புடிக்காது. 'ஐயா, இவுங்களுக்கு நீர் மாத்திரைய நான் கூட்டிக்கிட்டே போறேன். ஆனா கால் வத்தல. மாத்திரை சரியா இருக்கு, சாப்பாடு சரியா இருக்கு. அப்ப இவுங்க என்ன காத்த மூச்சிழுக்குறாங்கன்னு பாக்கணும். பொடித்தூசி நெஞ்சையும் கெடுக்கும்'னு சொல்லுச்சு.

சொல்லிட்டு ஒரு பெட்டியக் குடுத்துச்சு. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். கழுத்துல கயித்தப் போட்டு மாட்டிக்கிரணும். காத்து நல்லாருந்தா பச்சை லைட்டு, சுமார்னா மஞ்சள், மோசம்னா செவப்பு. எந்நேரம் எவ்வளவு தூசின்னு அதுக்குள்ளயே பதிஞ்சிருமாம். கொண்டுபோய்க் குடுத்தா கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாப்பாக. இவளுக்கு என்னைக்கி கால் வீங்குச்சு, என்னைக்கி மூச்சு வாங்குச்சுங்கிறதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மருந்தக் கூட்டிக் கொறைக்கிறதாம்.

எனக்கு அந்தப் பெட்டியப் பாத்ததும் ஒரு சந்தோசம். ஏன்னா கேளுங்க, எங்க காம்பவுண்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் சீனிராஜுன்னு ஒருத்தன். கடலைமிட்டாய் போடுறவன். விறகடுப்புதான். கடலை வறுக்குறதும் பாகு காய்ச்சுறதும், மத்தியானத்துல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் புகைக்கூண்டு ஊதிக்கிட்டே இருக்கும். என் துணி, என் சுவரு, எல்லாம் கரி. எத்தன தடவ சொல்லிருப்பேன். 'அண்ணாச்சி, அண்ணாச்சி'ம்பான், அடுப்ப மட்டும் நிப்பாட்ட மாட்டான். இப்பப் பெட்டி வந்திருச்சு. டாக்டர் குடுத்த பெட்டி. செத்தடா நீன்னு நெனச்சேன்.

இவள நான் சும்மா இருக்க விடல. 'ஏளா, மத்தியானம் போயி அந்தச் சுவத்துப் பக்கம் நில்லு. அவன் அடுப்பு நல்லாப் புடிச்சு எரியறப்ப நில்லு. எல்லாம் பதியட்டும்'னேன். அவளும் போயி நின்னா. வெயிலு. 'இந்தாருங்க, நெஞ்சு அடைக்குது, உள்ள வரட்டுமா'ங்கிறா. 'ஆதாரம் வேணும்லா, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு'ன்னேன். ஒரு நாற்காலியும் போட்டுக் குடுத்தேன், நிக்க முடியலைன்னா உக்காரட்டும்னு. அவளுக்காகத்தான தம்பி எல்லாம்?

பெட்டியக் கொண்டு போனோம். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுச்சு. மலை மலையா ஒரு படம் வந்துச்சு. நான் முன்னாடி குனிஞ்சு, 'எங்க, மத்தியானத்தக் காட்டும்மா'ன்னேன். மத்தியானத்துல ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான். ஒரு நாமக்கட்டி அளவு. ஆனா காலையில ஒரு மலை, சாயங்காலம் அதவிடப் பெரிய மலை. தெனமும். தவறாம.

'காலையில, சாயங்காலம் வீட்ல என்னய்யா எரிக்கிறீங்க?'ன்னு கேட்டுச்சு.

'ஒண்ணும் எரிக்கலையே'ன்னேன். உண்மையத்தான் சொன்னேன். எங்க வீட்ல கேஸ் அடுப்பு. நான் பீடி சிகரெட் தொட்டது கெடையாது. ஊதுபத்தி கூட ஒண்ணுதான் பொருத்துவேன், அதுவும் வெள்ளிக்கிழமை.

அந்தப் பொண்ணு விடல. 'சீனிராஜ் கடை ஞாயித்துக்கிழமை லீவுன்னு அம்மா சொன்னாங்க. ஞாயித்துக்கிழமையும் இதே அளவு ஏறியிருக்கே'ன்னுச்சு. நான் சொன்னேன், 'சனிக்கிழமைப் புகை போகாம நின்னிருக்கும்.' சரிதான தம்பி? புகை என்ன, லீவு நாளு பாத்தா கலையும்? அந்தப் பொண்ணு இவளப் பாத்துச்சு. இவ என்னையப் பாத்தா. பாத்துட்டு வாயத் தொறந்தா.

'காலையில வாசல் பெருக்கி குப்பைய எரிப்பாக. சாயங்காலம் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடுவாக.'

இத்தன வருசம் கூட இருந்தவ சொன்ன வார்த்தை. டாக்டர் முன்னாடி. என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு.

குப்பைய எரிக்கிறதும் அடுப்பு எரிக்கிறதும் ஒண்ணா தம்பி? அது சுத்தம். எங்க தெருவுல வந்து பாருங்க, ஒரு சருகு கெடக்காது. வாசல்ல வேம்பு நிக்கி, பக்கத்துல புங்கம் நிக்கி, உதுத்துக்கிட்டே இருக்கும். எல்லாவனும் கூட்டி அடுத்தவன் வாசல்ல தள்ளுவான். நான் ஒருத்தன்தான் விடியறதுக்கு முன்னாடி கூட்டி, அங்கனயே சாம்பலாக்கிட்டு உள்ள போவேன். பிளாஸ்டிக் கவர், பேப்பர் எல்லாம் அதுலயே. மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. வேப்பிலை மூட்டம் மருந்து. அது எரிக்கிறதுல சேராது. கொசு கடிச்சா இவளுக்கு உடம்பு தாங்காதுன்னு, சட்டியில கங்கு போட்டு, இலையப் போட்டு, இவ படுக்குற ரூமுல கொண்டுபோய் வச்சு, நல்லா நெறைய விட்டு, கதவச் சாத்திட்டு வருவேன். ஒரு கொசு இருக்காது. இவ இருமுவா. புகைன்னா ரெண்டு இருமல் வரத்தான் செய்யும். அந்தக்காலத்துல எல்லார் வீட்லயும் போட்டதுதான, எந்த நெஞ்சு நின்னு போச்சு?

இதச் சொன்னேன். அந்தப் பொண்ணு, 'ஐயா, அந்தக்காலத்துல நின்னு போன நெஞ்ச யாரும் எண்ணல'ன்னுச்சு. வாய்த்துடுக்கப் பாருங்க.

அப்புறம் வீட்டுக்கு வந்து நான் அந்தப் பொண்ணுக்காக என் பழக்கத்த மாத்திக்கிருவேனா? மாத்தல. ஆனா சீனிராஜ விடல. மத்தியானம் ஒரு மேடு இருந்துச்சா இல்லையா? அந்த மேட்ட மட்டும் வச்சு கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு குடுத்தேன். 'நெஞ்சு நோயாளி உயிருக்கு ஆபத்து'ன்னு எழுதிக் குடுத்தேன். ஆளுக வந்து பாத்தாக. அவன் பயந்துபோயி விறகடுப்ப இடிச்சிட்டு கேஸுக்கு மாறிட்டான். செலவுதான், அழுதான். 'அண்ணாச்சி, மதினிக்கு நல்லாயிருந்தாச் சரிதான்'னு சொல்லி ஒரு பாக்கெட் கடலைமிட்டாயக் கொண்டாந்து குடுத்தான். நடிப்பு. இவ வாங்கி வச்சிக்கிட்டா. நான் தூக்கிக் குப்பையில போட்டு அடுத்த நாள் குப்பையோட கொளுத்திட்டேன். வெல்லம் எரிஞ்சா என்னா புகைங்கிறீக.

அதுக்கப்புறமும் இவளுக்குக் கொறையல. அடுப்பு நின்னாலும் கரி படிஞ்ச சுவரு இருக்குல்லா, அதுல இருந்து வந்துக்கிட்டிருக்கும்னு நான் நெனச்சிக்கிட்டேன்.

ஒருநா சாயங்காலம். மூட்டத்தப் போட்டுட்டு வாசல்ல சருகக் குமிச்சுக்கிட்டு நிக்கேன். சீனிராஜு பொண்டாட்டி சுவத்துக்கு மேல தலையத் தூக்கி, 'அண்ணாச்சி, மதினி ஏதோ சத்தம் குடுக்குற மாதிரி இருக்கே'ங்கிறா. அவளுக்கு என்ன எங்க வீட்டுச் சத்தத்தக் கேக்குற வேலை? நான் உள்ள எட்டிப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. ரூமு பூரா புகை, எப்படித் தெரியும்? கூப்புட்டேன், பதில் இல்ல. தூங்குறான்னு நெனச்சேன். அதுக்குள்ள அந்தச் சீனிராஜு செருப்பக்கூடக் கழட்டாம எங்க வீட்டுக்குள்ள ஓடுனான். இவளத் தூக்கிக்கிட்டு வெளிய வாரான். உதடெல்லாம் நீலம். ஆட்டோவுல போட்டுக் கொண்டு போனோம். நான் முன்னாடி டிரைவரு பக்கத்துல, அவனும் அவன் பொண்டாட்டியும் பின்னாடி இவளப் புடிச்சிக்கிட்டு. என் பொண்டாட்டியத் தூக்க இவன் யாரு? ஒரு வார்த்தை கேக்கணும்ல?

இப்படிக் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக, அப்ப எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. அவ போயிட்டான்னுதான் நெனச்சேன். ஊரு ஆஸ்பத்திரியில இருந்து ஆம்புலன்ஸ்ல திருநெல்வேலிக்கு அனுப்புனாக, அங்க ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதேன் தம்பி. எல்லாரும் பாக்க அழுதேன். அவ இல்லாம எனக்கு ஒண்ணுமில்ல. சோறு எறங்காது, தூக்கம் வராது. அத அந்தப் பொண்ணும் பாத்துச்சு. பாத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'இவுங்க கொஞ்ச நாள் வேற எங்கயாவது இருக்கட்டும். நல்ல காத்து இருக்குற இடமா.'

கொழுந்தியா கோமதி செங்கோட்டையில இருக்கா. மலையடிவாரம். உடனே வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா, காத்துக்கிட்டிருந்தவ மாதிரி. போயி கொஞ்ச நாள்லயே போன்ல பெருமை: 'மாமா, அக்கா கால் வத்திருச்சு. மாமா, அக்கா மாடிப்படி ஏறுறா. மாமா, அக்கா ஒரு தலகாணியிலயே தூங்குறா.' டாக்டர் நீர் மாத்திரையக் கொறைச்சிருச்சாம். அவ கழுத்துல கெடக்குற பெட்டியில எந்நேரமும் பச்சையாம். ஏன் தம்பி, நான் வருசக்கணக்கா உப்பக் கொறைச்சு, மாத்திரைய எண்ணிக் குடுத்தது? அது இப்பத்தான் வேலை செய்யுது. பேரு மட்டும் செங்கோட்டைக் காத்துக்கு. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு.

கூட்டியாரேன்னேன். அந்தப் பொண்ணு சம்மதிக்கல. இன்னொரு பெட்டிய எங்கிட்டக் குடுத்து, 'இத வீட்டுக்குள்ள வைங்க. ஒரு வாரம் பச்சையா இருந்தாக் கொண்டாங்க. அப்ப அம்மாவக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா வேண்டாம். அடுத்த தடவ ஆட்டோவுல போட்டாலும் பிழைக்க மாட்டாங்க'ன்னு முகத்துக்கு நேராச் சொல்லுச்சு. வீட்டுக்குப் போக எங்களுக்கே பரீட்சை!

அவ கட்டிலு தலமாட்டுல மாட்டுனேன். காலையில செவப்பு. சாயங்காலம் செவப்பு. திட்டுனேன், தட்டுனேன், செவப்புதான். சீனிராஜு அடுப்பு இல்ல, சனிக்கிழமைப் புகை இல்ல, அப்பவும் செவப்பு. மெஷினே கோளாறு தம்பி, வேற என்ன?

இவ போன்ல அழுதா. 'என்னங்க, எனக்காக ஒரு வாரம் தீப்பெட்டியத் தொடாம இருங்களேன். எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்குங்க'ன்னா. சரின்னுட்டு இருந்தேன். ஒருநா இருந்தேன். வாசல்ல சருகு விழுந்துக்கிட்டே இருக்கு. எதிர்வீட்டுக்காரன் போறப்ப, 'என்ன சூப்பர்வைசர், உடம்பு சரியில்லையா?'ங்கிறான். வீட்ல அவ இல்ல, வாசல்ல குப்பை. நான் செத்துப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. எனக்குன்னு இருக்குறது ரெண்டுதான், அவளும் என் வாசலும். அதுல ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணுன்னு சொல்றதுக்கு அந்தப் பொண்ணு யாரு?

அடுத்த நா விடியக்காலம் எல்லாத்தையும் சேத்துக் கூட்டிப் பத்த வச்சிட்டு உள்ள வந்தேன். பெட்டி செவப்பா முழிக்குது. கழட்டுனேன். பீரோவத் தொறந்து, அவ பட்டுச்சேலைக்கு அடியில வச்சு, கதவச் சாத்திப் பூட்டிட்டேன்.

பச்சை தம்பி! மறுநாள் தொறந்து பாக்கேன், பச்சை. அதுக்கடுத்த நாளும் பச்சை. வாரம் பூரா பச்சை. வாசல்ல நான் பாட்டுக்கு என் வேலையச் செய்றேன், சாயங்காலம் மூட்டம் போடுறேன், அது பாட்டுக்குப் பச்சையா இருக்கு.

என்ன, இப்படிப் பாக்குறீக? நான் ஏமாத்தலையே. வீட்டுக்குள்ள வைன்னுதான சொல்லுச்சு? பீரோ என்ன, தெருவுலயா கெடக்கு? வீட்டுக்குள்ளதான இருக்கு. அதுலயும் அவ சேலைக்கு நடுவுல.

முந்தாநா கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தப் பொண்ணு படத்தப் பாக்குது, என்னையப் பாக்குது. எந்திரிச்சு நின்னு என் கையப் புடிச்சிருச்சு. 'ஐயா, நான் உங்கள நம்பல. மன்னிச்சிருங்க. எவ்வளவு பேர்ட்ட சொல்றேன், ஒருத்தர் கூட விட்டதில்ல. நீங்க விட்டுட்டீங்க'ன்னு சொல்றப்ப அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கித்தான் எனக்கு அந்தப் பொண்ணக் கொஞ்சம் புடிச்சது.

இவளுக்குப் போன் போட்டு அதுவே சொல்லிருக்கு. ராத்திரி இவ பேசுனா. 'எனக்காக விட்டுட்டீகளா? நெசமாவா?'ன்னு திருப்பித் திருப்பிக் கேக்குறா. 'கல்யாணம் ஆனதுல இருந்து எனக்காகன்னு நீங்க ஒண்ணு செஞ்சது இதுதாங்க'ன்னா. உப்பு பாத்துப் போட்டதெல்லாம் கணக்குல வரல பாருங்க. இருந்தாலும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அவகிட்டச் சொல்லிருவீகளான்னா கேக்குறீக? எதச் சொல்ல? அவ சந்தோசமா இருக்கா தம்பி. சந்தோசமா இருந்தா நெஞ்சுக்கு நல்லதுன்னு அந்த டாக்டரே சொல்லிருக்கு. நீங்க சின்னப்பிள்ளை, உங்களுக்குக் குடும்பத்தப் பத்தி என்ன தெரியும். ஏன் எந்திரிக்கிறீக, ஊரு இன்னும் வரல, உக்காருங்க. சரி, நிக்கிறதுன்னா நில்லுங்க. ஒருத்தர் மனசு விட்டுப் பேசுனா இப்படித்தான் மூஞ்சியத் திருப்புவீக.

இந்தா, ஸ்டாண்டு வந்திருச்சு. நான் வீட்டுக்கே வந்து கூப்பிடுறேன்னு சொல்லிருந்தேன். அட, அங்க பாருங்க தம்பி, அந்த டீக்கடை ஓரத்துல. நீலச் சேலை. அவளேதான்! கோமதி வீடு எங்கயோ கெடக்கு, அங்கன இருந்து நடந்தா வந்திருக்கா? கையில பை வேற. பாருங்க, கைய ஆட்டுறா. மேட்டுல ஏறி வாரா. முன்னெல்லாம் அடுப்படியில இருந்து வாசலுக்கு வாரதுக்குள்ள சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிப்பா. இப்ப மூச்சுகூட வாங்கல.

பாத்தீகளா? நல்லாத்தான இருக்கா. இனிமே என்ன, வீட்டுக்கு வரவேண்டியதுதான.